பிழை செய்த பிள்ளைக்குப் பொலிஸ் நிலையமா, இளையோர் மன்றமா?

(நானாட்டானில் நடைபெற்ற இளைஞர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நானாட்டானுக்கு அரசியல் பேச வருபவர்கள் கட்டுக்கரைக் குளத்து நீரைப் பற்றியும், காணியைப் பற்றியும், நெல்லின் விலையைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை பேசப்பட வேண்டியவையே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியதுபோலத் தோன்றும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையொன்று சிறு குற்றம் செய்துவிட்டால், அதனை யார் விசாரிப்பது, எவ்வாறு விசாரிப்பது என்பதே அப்பொருள்.

ஒருவன் அயலவரின் சைக்கிளைக் கேளாமல் எடுத்துச் செல்கிறான். இன்னொருவன் பாடசாலைச் சன்னலை உடைக்கிறான். வேறொருவன் காலபோக வயலில் மாட்டை விட்டுவிட்டு விளையாடப் போகிறான். ஒரு பெண்பிள்ளை தன்னோடு படிப்பவளைப் பற்றிக் கைத்தொலைபேசியில் இல்லாததையும் பொல்லாததையும் எழுதிப் பரப்புகிறாள். இவை பிழைகளே, பிழையல்ல என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் இப்பிழைகளுக்கு நமது ஊர்களில் உள்ள மருந்து இரண்டேதான். ஒன்று, வீட்டில் அடியும் ஊரார் நடுவே அவமானமும். மற்றது, பொலிஸ் முறைப்பாடும் நீதிமன்றப் படிக்கட்டும். முன்னது பிள்ளையை முரடாக்குகிறது. பின்னது, சைக்கிளை இழந்தவருக்கு ஒன்றையும் கொடாமல், எடுத்தவனின் பெயரில் ஒரு கறையை மாத்திரம் எழுதி வைக்கிறது. நாளை அவன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், வெளிநாடு செல்லப் பொலிஸ் நற்சான்று கேட்கும்போதும் அக்கறை முன்னே வந்து நிற்குமோ என்று பெற்ற தாய் அஞ்சுகிறாள்.

சட்டம் திறந்து வைத்த கதவு

சட்டம் இதை அறியாததன்று. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பிள்ளைகளின் வழக்குகள் பொதுமக்கள் கூடும் மன்றத்திலிருந்து விலகித் தனியே கேட்கப்பட வேண்டும் என்று விதித்தது. அதே சட்டம் சிறுவனுக்குப் பிரம்படி கொடுக்கவும் இடமளித்தது; அந்தப் பிரம்பை 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் முறித்துப் போட்டது. எட்டு வயதுப் பிள்ளைமீதும் குற்றஞ்சாட்டலாம் என்றிருந்த தண்டனைச் சட்டக்கோவை 2018 இல் திருத்தப்பட்டு, அவ்வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவோ, குற்றம் எண்பிக்கப்பட்ட பின்னரும், குற்றவாளி என்று எழுதாமலே, வயதையும் முன்னடத்தையையும் நோக்கி ஒருவரை விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் தருகிறது.

சிறு தகராறுகளை ஊரிலேயே தீர்க்க 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்தது. நம் மக்கள் இணக்கசபை என்று வழங்குவது அதனையே. அங்கே சட்டத்தரணிகள் வழக்காட முடியாது. சட்டத்தரணியாகிய நானே அதனை நல்லது என்கிறேன். ஆனால் அச்சபையில் இருப்போர் வயதில் மூத்தவர்கள். அவர்கள் முன் நிற்கும் பதினைந்து வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டு ‘ஓம் ஐயா’ என்பான். வெளியே வந்ததும் மறந்துவிடுவான். தன் வயதொத்தவர்கள் கேட்கும் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லித் தப்ப முடியாது.

கடல் கடந்த அனுபவம்

இந்த உண்மையை உணர்ந்தே அமெரிக்காவில் இளையோர் மன்றங்கள் பரவின. டெக்சஸ் மாநிலத்து ஒடெசா நகரில் 1983 இல் தொடங்கிய மன்றம் பலருக்கு வழிகாட்டியாயிற்று. கடையில் சிறு களவு, சுவரில் கிறுக்குதல், கைகலப்பு போன்ற குற்றத்தை முதன்முறையாகச் செய்த பிள்ளை, தன் பிழையை ஒப்புக்கொண்டு, பெற்றோரின் சம்மதத்துடன் அங்கே வரலாம். குற்றம் சாட்டுபவர், அவருக்கு மறுமொழி சொல்பவர், யூரிமார் ஆகியோர் மாணவர்கள். சில இடங்களில் நீதிபதியும் மாணவரே. அவர்கள் சிறைக்கு அனுப்புவதில்லை. இழப்பை ஈடுசெய், மன்னிப்புக் கடிதம் எழுது, இத்தனை மணி நேரம் பொதுப்பணி செய் என்கிறார்கள். அதனை முடித்தவனின் முறைப்பாடு தள்ளுபடியாகிறது. எல்லாவற்றினும் சிறந்த விதி ஒன்றுண்டு: இன்று விசாரிக்கப்பட்டவன், பல மன்றங்களில், நாளை யூரியாக அமர்ந்து இன்னொருவன் கதையைக் கேட்க வேண்டும்.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 1989 இல் எழுந்த மன்றத்தில், மாணவர்கள் சட்டவகுப்புப் படித்துப் பரீட்சையில் தேறிய பின்னரே வழக்கைத் தொடலாம்.

பயன் உண்டா என்று கேட்பீர்கள். நான்கு மாநிலங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 2002 இல் வெளிவந்தது. அலாஸ்காவில், இளையோர் மன்றத்துக்கு வந்தவருள் நூற்றுக்கு 6 பேரே ஆறு மாதத்தில் மறுபடியும் பிழை செய்தனர். வழமையான முறையில் விசாரிக்கப்பட்டோருள் 23 பேர். மிசூரியில் 9 பேருக்கு எதிரே 28 பேர். ஆனால் மேரிலாந்தில் இளையோர் மன்றத்தில் 8 பேர், பொலிசாரே நடத்திய சீர்திருத்தத் திட்டத்தில் 4 பேர்! இதனை நான் மறைக்கவில்லை. இளையோர் மன்றம் மந்திரக்கோல் அல்ல. நன்றாக நடத்தப்படும் வேறு வழியும் பயன் தரும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அலாஸ்காவிலும் மிசூரியிலும் நீதிபதியாக இருந்தவர்கள் இளையோர்; மேரிலாந்தில் பெரியவர். பொறுப்பை முழுமையாகக் கொடுத்த இடங்களிலேதான் பயன் மேலோங்கித் தெரிந்தது.

“பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?”

இது முதல் ஆட்சேபம். இந்த மன்னார் மண்ணில் வேதாகமம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சூசன்னாவின் கதை தெரியும். முதியோர் இருவர் பொய்ச்சான்று கூற, ஊரே அவளைக் கொல்லத் துணிந்தது. இளைஞனாகிய தானியேல், அவ்விருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்டான். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள், பொய் உடைந்தது. சாட்சிகளைப் பிரித்துக் குறுக்கு விசாரணை செய்யும் கலைக்கு அதைவிடப் பழைய பாடத்தை எந்தச் சட்டக் கல்லூரியும் எனக்குக் கற்பிக்கவில்லை.

கதை வேண்டாம், வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு யானுஸ் கோர்ச்சாக்கைச் சொல்வேன். போலந்து நாட்டின் வார்சோ நகரில் 1912 இல் தொடங்கிய யூத அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய மருத்துவர் அவர். அங்கே பிள்ளைகளின் மன்றம் இருந்தது. நீதிபதிகள் ஐவர், ஐவரும் பிள்ளைகள், சீட்டுப் போட்டுத் தெரியப்பட்டவர்கள். அதன் சட்டக்கோவையில் முதல் 99 விதிகளும் மன்னிப்பையும் விடுவிப்பையும் பற்றியவை. இறுதி விதியான ஆயிரமாவது விதியே இல்லத்திலிருந்து விலக்குவது. ஆசிரியரையும் அம்மன்றத்துக்கு அழைக்கலாம். அரையாண்டுக் காலத்தில் கோர்ச்சாக் ஐந்து முறை தம்மையே அம்மன்றத்தின் முன் நிறுத்தினார். அவற்றுள் ஒன்று, ஒரு பையனைக் காதோடு அறைந்ததற்காக. 1942 ஆகஸ்டில் நாசிகள் அப்பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றபோது, அவர் அவர்களைப் பிரியாமல் உடன் சென்று மாண்டார். பிள்ளைகளின் தீர்ப்புக்குத் தலைவணங்கியவரே பிள்ளைகளுக்காக உயிரையும் கொடுத்தார்.

மின்கம்பத்தை மறக்கலாமா?

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் பாரமானது. அதனை வாய்விட்டுச் சொல்ல நம்மிற் பலர் தயங்குகிறோம். ‘இளைஞர் விசாரணை’ என்ற சொல் நமது செவியில் இனிமையாக ஒலிப்பதில்லை. 1980களில் ஆயுதம் ஏந்தியோர் சிறு களவுக்கும் ‘சமூக விரோதி’ என்று பெயரிட்டு, மனிதரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்ட நாட்களை வடபுலம் கண்டது. கேள்வி இல்லை, மறுமொழி இல்லை, மேன்முறையீடு இல்லை. கழுத்தில் ஒரு மட்டை மாத்திரம் தொங்கியது.

ஆகவே கேட்கிறேன்: அன்று தவறியது எது? தீர்ப்பளித்தவர்களின் இளமையா? அல்ல. கேட்காமலே தீர்ப்பளித்ததும், தீர்ப்பளித்த கையிலேயே துப்பாக்கி இருந்ததும் அல்லவா? விசாரிப்பவனிடம் தண்டிக்கும் வலிமை இருக்குமாயின், அவன் முதியவனானாலும் இளையவனானாலும் அது நீதிமன்றம் ஆகாது. நான் வேண்டுவது பிரம்பும் இல்லாத, பூட்டும் இல்லாத ஒரு மன்றம். அதன் முன் வருபவன் தன் விருப்பத்தால் வருவான். எழுந்து போக விரும்பினால் போகலாம். அவனுக்குச் சட்டத்தின் வழமையான கதவு திறந்தே இருக்கும்.

நானாட்டானில் தொடங்குவோம்

நானாட்டான் பிரதேசத்தில் அத்தகைய மன்றமொன்றை அமைப்போம். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முறைப்பாடாக மாறாத பாடசாலை, ஊர்ப் பிணக்குகளை முதலில் எடுப்போம். நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரையும், மத்தியஸ்தர் ஒருவரையும், ஆசிரியர் ஒருவரையும் மேற்பார்வைக்கு அழைப்போம். ஆனால் ஐந்து விதிகளை மீறலாகாது.

முதலாவது, பிழையை ஒப்புக்கொண்ட பிள்ளையின் காரியம் மட்டுமே அங்கு வரவேண்டும். மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைப்பது அநீதி.

இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் சம்மதிக்க வேண்டும்; அவருடைய இழப்பே முதலில் பேசப்பட வேண்டும். மாடு மேய்ந்த வயலின் வேலியைக் கட்டிக் கொடுப்பதும், உடைந்த சன்னலுக்குச் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பதும் தீர்ப்பாகலாம். முழங்காலில் நிறுத்துவதும், ஊர் நடுவே பெயரைச் சொல்வதும் தீர்ப்பாகா.

மூன்றாவது, பெண்பிள்ளைகள்மீதும் சிறுவர்கள்மீதும் இழைக்கப்படும் பாலியல் கொடுமை, கத்தி வெட்டு, போதைப்பொருள் வியாபாரம் ஆகியவை இம்மன்றத்தின் வாசலையும் மிதிக்கக் கூடாது. குடும்ப மானம் என்ற பெயரால் அத்தகைய கொடுமைகளை ஊருக்குள் பேசி மூடும் வழக்கத்துக்கு இது புதிய போர்வை ஆகிவிடலாகாது.

நான்காவது, மன்றத்தில் அமர்பவர்கள் சீட்டுப் போட்டே தெரியப்பட வேண்டும், பாதிப்பேர் பெண்கள். கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும், எந்தச் சாதியில் பிறந்தவரும், வயல் உடையவரின் பிள்ளையும் கூலிக்காரரின் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர வேண்டும். எந்தக் கட்சிக்கும் அங்கே இடமில்லை. நான் சார்ந்த கட்சிக்கும் இல்லை.

ஐந்தாவது, தன் கடமையை முடித்த பிள்ளை அடுத்த அமர்வில் மன்றத்தில் ஒருவனாக அமர வேண்டும். குற்றவாளி என்ற பெயர் அன்றோடு முடிய வேண்டும்.

தோழர்களே, நமது காரியங்களை நாமே ஆளும் உரிமை வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவ்வுரிமையை எழுதித் தரும்படி கொழும்பைக் கேட்கிறோம். கேட்டே தீர வேண்டும். ஆயினும் அண்டை வீட்டுப் பிள்ளையின் பிழையைக் கோபமின்றிக் கேட்கவும், பக்கஞ்சாராமல் தீர்க்கவும், தீர்த்த பின் மறக்கவும் தெரியாத சமுதாயத்தின் கையில் நாளை அதிகாரம் வந்தால், அது யார்மீது பாயும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆளத் தெரிவதற்கு முன் கேட்கத் தெரிய வேண்டும்.

பாடசாலை அதிபர்களையும், பங்குத் தந்தையரையும், பள்ளிவாசல், கோயில் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: பத்துப் பிள்ளைகளின் பெயரைத் தாருங்கள். அவர்களைப் பயிற்றுவிக்கச் சட்டத்தரணிகளை அழைத்து வருவது என் பொறுப்பு. காலபோக அறுவடை முடிந்ததும் முதல் அமர்வைக் கூட்டுவோம். அன்று பெரியவர்களாகிய நாம் பின் வாங்கில் அமர்ந்து, வாயை மூடிக் கேட்போம்.