மாடிக்கு ஒரு கைப்பிடிச் சுவர்



இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால், யாரேனும் விழுந்து இறக்கும்போது இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். வீடு கட்டாதே என்று ஆண்டவர் சொல்லவில்லை. வீடும் உன்னுடையது, மாடியும் உன்னுடையது, ஆனால் அங்கே ஏறி வருகிறவனின் உயிரும் உன் பொறுப்பில் இருக்கிறது என்கிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் துப்பாக்கிக் கடைக்காரர்கள் சிலரைப் பற்றி இன்று சிந்திப்போம். மறையுரைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்க வேண்டாம். சுங்கச்சாவடியிலிருந்து ஒரு திருத்தூதரை அழைத்தவர் நம் ஆண்டவர்.

நம் நாட்டில் துப்பாக்கி வேண்டுமென்றால் முதலில் அரசிடம் உரிமம் பெற வேண்டும். அமெரிக்காவிலோ ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியல் சாசனம் காக்கும் உரிமை. அங்கே உரிமம் பெற்ற கடைக்காரர், வாங்க வருகிறவரின் பின்னணியைச் சோதித்த பிறகே விற்கலாம். ஆனால் தனி மனிதர் ஒருவர் தம் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால், மத்தியச் சட்டம் அந்தச் சோதனையைக் கேட்பதில்லை.

2011இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 43 மாநிலங்களில் இந்தக் கடைக்காரர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பதில் தந்தவர்கள் 1,600 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர், எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்றார்கள். துப்பாக்கி உரிமையைப் போற்றுகிறவர்கள், அதை விற்றுப் பிழைக்கிறவர்கள் சொன்ன பதில் இது. நமக்கு மட்டும் இருக்கும் கட்டுப்பாடு மற்றவருக்கும் இருக்கட்டுமே என்ற வியாபாரக் கணக்கும் அதில் கலந்திருக்கலாம். இருக்கட்டும். நம் நல்ல எண்ணம் முழுத் தூய்மை அடையும்வரை கடவுள் காத்திருப்பதில்லை.

2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு வாரத்திற்குள், ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கினார்கள். வாங்கிய சில மணி நேரத்திலேயே மூவரும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் சட்டத்தை மீறவில்லை. சோதனை நடந்தது, படிவம் சரியாக இருந்தது, பணமும் பெற்றாயிற்று. "சட்டப்படிதானே விற்றேன்" என்று அவர் அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவரால் முடியவில்லை. தற்கொலைத் தடுப்புப் பணியாளர்களோடும் மற்றக் கடைக்காரர்களோடும் உட்கார்ந்து பேசினார். துயரத்தில் இருப்பவரை எப்படி அடையாளம் காண்பது, சந்தேகம் வந்தால் விற்க மறுக்கலாம் என்று விற்பனையாளருக்கு ஒரு குறிப்பு தயாரானது. வாடிக்கையாளருக்கும் ஒரு சுவரொட்டி: உங்கள் நண்பர் மனமுடைந்திருந்தால், அந்தக் காலம் கடக்கும்வரை அவருடைய துப்பாக்கியை வீட்டைவிட்டு அகற்றி வைக்க உதவுங்கள். அம்மாநிலக் கடைகளில் ஏறத்தாழ பாதி அதை ஏற்றன. யாருடைய உரிமையும் பறிபோகவில்லை.

2018ஆம் ஆண்டின் சாம்பல் புதன் நமக்கு நினைவிருக்கும். பிப்ரவரி 14. அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு பிள்ளைகளைத் தேடி நின்ற தாயை நாம் படத்தில் பார்த்தோம். டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் தன் பதிவேடுகளைப் புரட்டியபோது, கொலையாளிக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு துப்பாக்கி விற்றிருந்தது தெரிந்தது. கொலைக்குப் பயன்பட்டது அது அல்ல. விற்பனையிலும் சட்டக்குறை இல்லை. ஆனாலும் அதன் தலைவர், தாமே துப்பாக்கி வைத்திருப்பவர், உரிமையை ஆதரிப்பவர், போர்த் துப்பாக்கி போன்றவற்றை இனி விற்பதில்லை, 21 வயது நிரம்பாதவருக்கு எந்தத் துப்பாக்கியும் இல்லை என்று அறிவித்தார். வாடிக்கையாளர் பலர் கோபித்து விலகினர், ஊழியர் சிலர் வேலையை விட்டனர்.

சிலைக்குப் படைத்த இறைச்சியை உண்ண உரிமை உண்டு என்று புனித பவுல் கொரிந்தியருக்கு மறுக்கவில்லை. அந்த உரிமையால் வலுவற்ற சகோதரர் விழுவாரானால் தாம் அதைத் தொடவே மாட்டேன் என்றார். திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், தற்காப்பு நியாயமானது என்று ஏற்றுக்கொண்டே, ஆயுத விற்பனையை ஒழுங்குபடுத்துவது ஆட்சியாளரின் கடமை என்கிறது.

நம் பங்கிலும் கடை வைத்திருப்போர் உண்டு. பூச்சிமருந்து விற்பது பாவமல்ல, உழவருக்கு அது வேண்டும். இலங்கையில் மிகக் கொடிய சில மருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தபின் தற்கொலைகள் பாதிக்கும் கீழே குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அரசு வந்து பார்க்க முடியாது. பொழுது சாயும் நேரத்தில், முகம் வாடி, கண் பார்த்துப் பேசாத ஒருவர் வந்து மருந்து கேட்டால், "எந்தப் பயிருக்குங்க அண்ணே? உட்காருங்க, டீ சொல்றேன்" என்று கேட்கக் கடைக்காரருக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

நியூ ஹாம்ப்ஷயரின் அந்த மூவருக்காகவும், அவர்களுக்கு விற்ற கைகளுக்காகவும் இன்றைய திருப்பலியில் மன்றாடுவோம்.