பிறப்பதற்கு முன்பே வந்த நர்ஸ்

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான பகல்நேரக் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தார் டேவிட் ஓல்ட்ஸ் என்ற இளைஞர். அங்கே வந்த சில பிள்ளைகளுக்கு, வீட்டில் பட்ட காயம் அந்த வயதிலேயே ஆழப் பதிந்திருந்தது. இன்னும் முன்னதாகவே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே உதவி போய்ச் சேர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 400 பெண்களோடு, இதைச் சோதிக்கும் அவரது ஆய்வு தொடங்கியது. பலர் ஏழைகள், பதின்வயதுத் தாய்மார். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு, கர்ப்பகாலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரு நர்ஸ் வந்துபோனார். குறை கண்டுபிடிக்க அல்ல. புகைப்பதை எப்படி விடுவது, பிள்ளை ஓயாமல் அழுதால் என்ன செய்வது, விட்ட படிப்பை எப்படித் தொடர்வது என்று கூட உட்கார்ந்து பேச.

பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவு 1997-இல் வெளியானது. நர்ஸ் வந்துபோன குடும்பங்களில், மற்றவர்களோடு ஒப்பிட, உறுதிசெய்யப்பட்ட குழந்தைக் கொடுமை, புறக்கணிப்புப் புகார்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் தாயே அடிக்கடி அடிவாங்கிய வீடுகளில் இந்தப் பலன் தென்படவில்லை. அதையும் ஆய்வாளர்கள் பின்னர் ஒளிக்காமல் எழுதினார்கள். இந்த ஆய்வின் மீது என் மதிப்பு அதனால்தான் கூடியது.

ஒரே ஊரின் வெற்றியை நம்பி ஓல்ட்ஸ் அவசரப்படவில்லை. மெம்ஃபிஸ், டென்வர் நகரங்களிலும் சோதித்த பிறகே திட்டத்தை நாடெங்கும் விரித்தார்.