குடிநீரைச் சோதிக்கும் உரிமை



தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் நினைவைப் போற்றக் கூடியிருக்கிறோம். அவர் என்றதும் வட்டமேசை மாநாட்டைத்தான் பேசுவோம். இன்று வேறொன்றை நினைவூட்ட விரும்புகிறோம். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் எவருக்கும் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்தார். அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளியது 1927 மார்ச் 20ஆம் நாள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே சென்னையில் இது தீர்மானமாகிவிட்டது.

மகாத்தில் பிறகு நடந்ததையும் மறக்கக் கூடாது. நம் மக்கள் தொட்ட குளத்தை 108 குடம் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். சாதி தண்ணீரைச் சோதித்த முறை அது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அது பார்க்கவில்லை. யார் தொட்டார் என்று மட்டுமே பார்த்தது.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில் என்ன நடந்தது? நம் மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அது வெளிப்பட்ட நாள் 2022 டிசம்பர் 26. எப்படி வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கு நோய் வந்தது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். ஊரார் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள். எந்த ஆய்வகமும் அதை முதலில் கண்டுபிடிக்கவில்லை. குழந்தைகளின் வயிறுதான் கண்டுபிடித்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் அந்தப் பகுதியைச் சேர்ந்த நம் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அங்குள்ள மக்கள் அதை ஏற்கவில்லை; நாங்களும் ஏற்கவில்லை. பட்டியல் சாதியினர் குடிக்கும் நீரை அசுத்தப்படுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் குற்றம் நடந்த பிறகுதான் சட்டம் வருகிறது. அதற்கு முன்பு தண்ணீரைக் காப்பது யார் என்பதே இன்று நம் கேள்வி.

நம் இரு மாவட்டங்களுக்கு வருவோம். பெரம்பலூர் நகரத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நீர் வருகிறது. கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருக்கிறோம். பெரம்பலூர்ப் பக்கம் பாறை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல். பானையின் அடியில் படியும் வெள்ளை உப்பு நம் பெண்கள் தினமும் பார்க்கும் சோதனை முடிவு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் உப்பை விட, கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் உடனே ஆளைச் சாய்க்கும்.

கிருமி எங்கே சேர்கிறது? தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு நிறுத்துகிறார்கள். நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து, ஓட்டை உள்ள இடத்தில் பக்கத்துச் சாக்கடையை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊர்த்தெருவில் குழாயோடு மோட்டாரை இணைத்து உறிஞ்சினால் இழுவை இன்னும் கூடும். குழாயின் கடைசி முனை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நம் காலனியில். தொட்டியடியில் நீர் எடுத்துச் சோதித்துவிட்டு ‘நன்று’ என்று எழுதினால், அந்தச் சான்று கடைசி வீட்டுக் குடத்துக்குப் பொருந்தாது. சேரிக்குத் தனித் தொட்டி என்றால் அந்தத் தொட்டிக்கும் தனியாகச் சோதனை வேண்டும்.

இதில் பெரிய விஞ்ஞான மர்மம் எதுவுமில்லை. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி 100 மில்லி நீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் ஊராட்சிகளில் வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். மாதம் இருமுறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும், தொட்டியைக் கழுவ வேண்டும். தொட்டிக்குள் இறங்கிக் கழுவும் டேங்க் ஆபரேட்டரும் பல ஊர்களில் நம் ஆள்தான். குறைந்த கூலிக்கு வேலை செய்யும் அவரைக் குற்றவாளி ஆக்குவது நம் நோக்கமல்ல. அவருக்குப் பவுடரும் ஏணியும் கூலியும் கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல் சோதனை, இருமுறை கிருமிச் சோதனை, ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? அவர்களில் நம் தெருப் பெண் ஒருத்தியாவது இருக்கிறாளா? பெட்டி எந்த பீரோவில் பூட்டிக் கிடக்கிறது? இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். தெருக்கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். சொட்டு மருந்து விட்டால் நீர் மஞ்சளாக வேண்டும். மஞ்சளாகாவிட்டால் நாளும் நேரமும் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால், கிருமி நீக்கிய பாட்டிலில் நீர் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சேர்க்கச் செய்யுங்கள். பழைய அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தத் தெருவில், எந்தக் குழாயில் மாதிரி எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேன் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். கூலி வேலைக்குப் போகும் வீடு தினமும் தண்ணீருக்குக் காசு கொடுப்பது தீர்வல்ல. வாங்க முடிந்தவர்கள் கேனுக்குப் போய்விட்டால், பொதுக் குழாய்க்காகக் குரல் கொடுக்க ஆளிருக்காது.

மார்ச் 20 மகாத் நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. இரண்டு நாள்தான் இடைவெளி. மகாத்தை நினைத்து மாலை போட்ட கையோடு கிராம சபைக்குப் போவோம். நம் தெருக் குழாயின் சோதனை முடிவைத் தமிழில், தொட்டியடியில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று தீர்மானம் கேட்போம். நீரைத் தொடும் உரிமைக்காகத் தாத்தா சட்டமன்றத்தில் நின்றார். அந்த நீர் குடிக்கத் தகுந்ததா என்று கேட்க நாம் கிராம சபையில் நிற்போம்.