பிள்ளைகளைப் பெற்ற பின்னும் கல்வி

(கெடா மாநிலத் தோட்டப்புறப் பெற்றோரிடையே நிகழ்த்திய உரை)



"பிள்ளைகள் படித்தால் போதும், நமக்கு இனி எதற்குப் படிப்பு?" என்போரைத் தோட்டந்தோறும் நாம் காண்கிறோம். பிள்ளைகளுக்காகத் தம் ஆசையை அடக்கிய பெற்றோரின் தியாகம் போற்றுதற்குரியது. ஆயினும், பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவோ புதிய திறன்களை நாடுகிறது. ஆகவே, நாற்பது வயதிலும் தொழில் மாற்றம் பற்றி எண்ண வேண்டியவர்களாக இருக்கிறோம்.

பள்ளியை இடையில் விட்டவருக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை. வேலையிலும் வாழ்விலும் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு, உயர்கல்வியில் சேரத் தகுதி வழங்கும் 'ஏபெல்' முறை நம் நாட்டில் உண்டு. 20 வயது நிரம்பியோர் டிப்ளோமாவுக்கும், 21 வயது நிரம்பியோர் இளங்கலைப் பட்டத்திற்கும் இவ்வழியில் விண்ணப்பிக்கலாம். அனுபவச் சான்றுகளைத் தொகுத்தளித்துத் தேர்வும் எழுத வேண்டும். ஆயக்கொட்டகையில் பல்லாண்டு குழந்தைகளைப் பேணிய தாய், பாலர் கல்வி பயில அவ்வனுபவத்தையே முதலாகக் கொள்ளலாம். தோட்டத்துப் பட்டறையில் இயந்திரம் பழுதுபார்ப்பவருக்கோ, கைத்திறனை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு.

வேலை பார்த்துக்கொண்டே பயில விரும்புவோருக்கு, 2000ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006இல் பினாங்கில் நிறுவப்பெற்ற வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

ஒன்றை மறத்தலாகாது. தோட்ட வேலையை விட்டால், தோட்டத்து வீட்டையும் விட நேரும். ஆதலால், வேலையை உதறிவிட்டுப் படிக்கப் புறப்படுதல் அறிவுடைமையாகாது. குடியிருக்க வீடும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் உறுதியான பின்னரே வேலையை விடுவது நன்று. ஊழியர் சேமநிதியின் 'செஜாதரா' கணக்கிலிருந்து உயர்கல்விக்குப் பணம் எடுக்க இடமுண்டு. ஆனால், அப்பணம் நாளை பிள்ளையின் படிப்பிற்கும் தேவைப்படலாம். யாருக்கு எவ்வளவு என்பதைக் கணவனும் மனைவியும் கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும். சேரவிருக்கும் படிப்பு அங்கீகாரம் பெற்றதா, அதனால் எவ்வேலை கிட்டும் என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டறிதல் நலம்.

தாய் புத்தகத்தை விரிக்கும் வீட்டில் பிள்ளையும் விரிப்பதை, ஆசிரியப் பணியிலிருந்த நாளில் நாம் கண்டிருக்கிறோம். பெற்றோரின் கல்வி பிள்ளைகளின் கல்விக்குப் போட்டியன்று, துணையே ஆகும்.