பட்டி அடைத்த காடு



தொடக்க நூல் 13-ஆம் அதிகாரத்தில் ஒரு மேய்ச்சல் தகராறு வருகிறது. ஆபிராமுக்கும் ஆடுமாடுகள், அவருடைய சகோதரர் மகன் லோத்துக்கும் ஆடுமாடுகள். மேய்ப்பர்கள் சண்டையிட்டுக் கொள்கிறார்கள். ஆபிராமின் பெருந்தன்மைக்காகவே நாம் இந்தப் பகுதியை வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் சண்டைக்குக் காரணம் அவர்களுடைய குணம் என்று திருநூல் சொல்லவில்லை. இருவரையும் சேர்த்துத் தாங்க அந்த நிலத்தால் முடியவில்லை என்றுதான் சொல்கிறது.

ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முறுக்கு நினைவுக்கு வரும். நம் காதில் ஆடும் பட்டியும் விழுகின்றன. பெயர்க்காரணத்தைப் பண்டிதர்கள் பேசிக்கொள்ளட்டும். பட்டி என்றால் என்ன என்று நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்த காட்டில் படல் கட்டி, மேச்சேரிச் செம்மறிகளை இரவில் அடைப்பார்கள். பிறகு படலைப் பெயர்த்துப் பக்கத்தில் நடுவார்கள். இப்படியே பட்டி காடு முழுவதும் சுற்றி வரும். புழுக்கையோடு சிறுநீரும் நேராக மண்ணில் இறங்கும். கொட்டிலில் கூட்டி அள்ளி வண்டியில் கொண்டுவந்து கொட்டும் எருவில் அந்தச் சத்தின் பெரும்பகுதி இருப்பதில்லை. காட்டுக்காரர் ஆட்டுக்காரருக்குத் தானியமோ பணமோ கொடுப்பார். இருவருக்கும் ஒருவர் தயவு ஒருவருக்கு வேண்டியிருந்தது.

பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் அந்தத் தொழில் வேர்விட்டது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. நம் பிள்ளைகள் பலர் படித்தது இந்தக் கிழங்கின் காசில்தான். அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனாலும் அது மண்ணிடம் நிறையக் கேட்கிற பயிர். ஏறக்குறையப் பத்து மாதம் நிற்கிறது. முதல் மூன்று மாதம் இலை மூடாத வெற்று நிலத்தில் மழை விழுந்து மேல்மண்ணை அடித்துப் போகிறது. கிழங்கோடு சாம்பல் சத்தும் ஏராளமாகப் போய்விடுகிறது. பிடுங்கும்போது மண் மறுபடியும் கலைகிறது. போதாததற்கு இலையில் நஞ்சு. மேய்ந்த ஆடு செத்து விழும். ஒன்றாய் இருந்த காட்டுக்காரரும் ஆட்டுக்காரரும் வேலிக்கு இருபுறமும் நின்று ஏசிக்கொள்கிறார்கள்.

நாங்கள் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் கோயிலுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்காடு இருந்தது. ஆண்டுதோறும் ஏலம், அதிகம் கேட்பவருக்குக் குத்தகை. அடுத்த ஆண்டு தனக்குக் கிடைக்குமா என்று தெரியாதவர் எரு எதற்குப் போடுவார்? ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கிழங்கு; உரமூட்டையைத் தவிர மண்ணுக்கு வேறொன்றும் போகவில்லை. குத்தகைக்காரர்களைக் குறைசொல்ல முடியாது. ஏலத் தாளில் கையெழுத்திட்டது நாங்கள். மண்வள அட்டை வந்தபோது கரிமச் சத்து குறைவு என்றிருந்தது. அரை சதவீதத்துக்குக் கீழே போனாலே குறைவு என்பது கணக்கு.

அட்டைக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி. “உழவு ஓட்டுனா பின்னால ஒரு கொக்குகூட வரமாட்டேங்குதுங்க சாமி.” புழு இருந்தால்தானே கொக்கு வரும்! ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் பாடமாகப் படித்தோம். அந்த ஆண்டு தானாய் விளைவது அடிமைக்கும் கூலியாளுக்கும் மட்டுமன்றி, கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் உணவாகும் என்று அங்கே இருப்பதை அந்தப் பாட்டிக்குப் பிறகுதான் கவனித்து வாசித்தோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடல், கைவிடப்பட்ட ஏழைகளின் வரிசையில் பூமியையும் சேர்க்கிறது. எங்கள் கோயில் காடு அந்த வரிசையில்தான் நின்றது.

பங்குப் பேரவையில் பெரிய வாக்குவாதம். கூரை ஒழுகுகிறது, குத்தகைப் பணம் குறைந்தால் என்ன செய்வது என்றார்கள். நியாயமான கேள்விதான். கடைசியில் குறைந்த தொகைக்கு மூன்றாண்டுக் குத்தகை என்று முடிவானது. ஓராண்டு கிழங்கு இல்லை, கொள்ளும் தட்டைப்பயறும். அறுவடைக்குப் பின் பட்டி அடைக்க வேண்டும். ஆடுகளை நாள் முழுவதும் அவிழ்த்துவிடக் கூடாது என்பதையும் எழுதினோம். கடித்த புல் மறுபடி தழைப்பதற்குள் திரும்பவும் கடித்தால் வேர் செத்து, மண் வெறுமையாகிவிடும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை வேலி போட்டு, ஒரு காட்டில் மேய்த்து இன்னொன்றை ஆறவிடுவது இதற்காகத்தான்.

மூன்றாம் ஆண்டு கிழங்கு மலைபோல் விளைந்தது என்று சொல்ல ஆசைதான். அந்த ஆண்டு மழையே சரியில்லை. கோயில் கூரை வேலையும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. ஆனால் உழவு ஓட்டிய அன்று பாட்டி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தோம். டிராக்டருக்குப் பின்னால் நான்கு கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. ஐந்து என்றார் பாட்டி.