மூணு கைமாற்றம்: சிறப்புக் குழந்தைகளோட குடும்பங்கள் எங்கே தொலைஞ்சு போறாங்க?

(ஒலி வடிவத்தில் வந்த பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

வழக்கமா இங்க வேலை, டெக், சம்பளம், ஸ்டார்ட்அப்னு பேசுவோம். இன்னைக்கு விஷயம் வேற. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கிற குழந்தையை வளர்க்கிற குடும்பத்துக்கு, அவங்க இருக்கிற ஊர்லயே என்ன உதவி கிடைக்குது, அது ஏன் பல நேரம் அவங்க கைக்கு வந்து சேர மாட்டேங்குது, இதைப் பத்திப் பேசப் போறேன். தமிழ்நாட்டை மட்டும் வச்சுத்தான் பேசறேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

எங்க அக்கா பையனுக்கு ஒன்பது வயசு. ஆட்டிசம் இருக்கு. அவங்க திருநெல்வேலி பக்கம், நான் சென்னையில. கடந்த சில வருஷமா அக்காவுக்காக ஃபாரம் நிரப்புறது, ஸ்கேன் பண்றது, போன் போட்டு விசாரிக்கிறதுன்னு என் பங்குக்கு ஓடிட்டு இருக்கேன். அதுல கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

ஒரு நாள் அக்கா சொன்னா: "தம்பி, எனக்கு ஸ்கீம் தெரியாம இல்லடா. ஒவ்வொரு ஆபீஸ்லயும் நல்லாத்தான் பேசறாங்க. அங்க முடிஞ்சதும் அடுத்து எங்க போய் நிக்கணும்னுதான் யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

இதைக் கேட்டதும் எனக்கு எங்க வேலைதான் ஞாபகம் வந்துச்சு. சாஃப்ட்வேர்ல பெரிய சொதப்பல்கள் நிறைய ஒரு டீம் வேலையை முடிச்சு இன்னொரு டீம் கையில கொடுக்கிற இடத்துலதான் நடக்கும். ரெண்டு பக்கமும் "எங்க சைடு ஓகே"ன்னு சொல்லுவாங்க. நடுவுல டேட்டா காணாமப் போயிருக்கும். இங்க காணாமப் போறது ஒரு குழந்தையோட வருஷங்கள். அப்படி மூணு கைமாற்றம் இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் கைமாற்றம்: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு

2013-ல் மத்திய அரசு ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சுருக்கமா ஆர்பிஎஸ்கே. பிறப்பிலிருந்து 18 வயது வரைக்கும் உள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டம் இது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என நான்கு வகைப் பிரச்சினைகளைப் பார்ப்பார்கள். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறையும் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அது இருக்கும். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லாரும் ஒரே இடத்தில், இலவசமாக.

படிக்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? இப்ப நடைமுறைக்கு வாங்க. இந்த வலையில விழறது அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போற குழந்தைங்க. தெருமுனையில இருக்கிற பிளே ஸ்கூலுக்குப் போற குழந்தை இதுல வராது. அந்த வீட்ல, "பையன் லேட்டாத்தான் பேசுவான், அவன் தாத்தாவும் அப்படித்தான்"னு சொல்லியே ரெண்டு வருஷம் ஓடிரும்.

கண்டுபிடிச்ச பிறகும் சிக்கல் இருக்கு. தெரபி ஒருநாள் விஷயம் கிடையாது. வாரா வாரம் போகணும். மையம் மாவட்டத் தலைநகர்ல. ஒண்ணரை மணி நேரம் பஸ்ல போய், அரைமணி நேரம் பயிற்சி, மறுபடி ஒண்ணரை மணி நேரம். அன்னைக்குக் கூலி போச்சு. ரெண்டு மாசத்துல குடும்பம் நின்னுரும். ரெஜிஸ்டர்ல என்ன எழுதுவாங்க? "வரவில்லை." அவ்வளவுதான்.

இதைத் தலைகீழா யோசிச்ச ஒரு இடம் தென்காசி மாவட்டத்துலயே இருக்கு. ஆய்க்குடி அமர் சேவா சங்கம். 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. கடற்படை அதிகாரி தேர்வில் கலந்துகொண்டபோது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 2020-ல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவங்க செய்யறது என்னன்னா, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களைக் குழந்தையோட வீட்டுக்கே அனுப்பறாங்க. பணியாளர் கையில ஒரு செயலி இருக்கு. குழந்தை என்ன நிலையில இருக்கு, என்ன பயிற்சி கொடுத்தாங்கன்னு அதுல பதிவாகும். இயன்முறை, பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுவாங்க. ஒரு இன்ஜினியரா எனக்கு அந்தச் செயலி பிடிச்சிருக்கு. ஆனா அதைவிட முக்கியம், கதவைத் தட்டுறதுக்கு ஒரு ஆள் வர்றதுதான்.

இரண்டாவது கைமாற்றம்: வீட்டிலிருந்து பள்ளிக்கு

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல வந்துச்சு. பழைய 1995 சட்டத்துல 7 வகைக் குறைபாடுதான் இருந்துச்சு. இதுல 21. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இதுக்குள்ள வந்தது அப்பத்தான். பெற்றோர் மனப்பாடம் பண்ண வேண்டிய இரண்டு பிரிவு இருக்கு.

பிரிவு 16: அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். தனியார் பள்ளியும் இதில் அடக்கம்.

பிரிவு 31: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குழந்தை தரப்பின் விருப்பம்.

எங்க அக்கா பையனை ஒரு தனியார் பள்ளியில சேர்க்கப் போனப்ப, "எங்ககிட்ட அதுக்கான வசதி இல்லைங்க, வேற நல்ல இடமா பாருங்க"ன்னு ரொம்ப மரியாதையா சொல்லி அனுப்பிட்டாங்க. மறுப்பு எப்பவுமே இப்படி வாய்மொழியாத்தான் வரும். அதனால விண்ணப்பத்தை எழுத்துல கொடுங்க, ஒப்புகை வாங்குங்க, மறுத்தா காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்க. அந்தக் காகிதம் கையில இருந்தாத்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் வரைக்கும் புகார் கொண்டு போக முடியும்.

அரசுப் பள்ளிப் பக்கம் தெரிஞ்சுக்க வேண்டிய பெயர், வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கு. சிறப்புப் பயிற்றுநர்கள் இங்கிருந்துதான் பள்ளிகளுக்குப் போறாங்க. இயன்முறை சிகிச்சை, மருத்துவ மதிப்பீட்டு முகாம், உதவி உபகரணம் எல்லாமே இந்த மையம் வழியா நடக்கும். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே போய்க் கற்றுத் தர்ற ஏற்பாடும் இருக்கு. பல பெற்றோருக்கு இப்படி ஒரு கட்டடம் தங்க ஒன்றியத்துல இருக்கிறதே தெரியாது.

குறையும் சொல்லணும். ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடறாங்க. தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த எண்ணைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.

அப்புறம், மருத்துவமனையில மூணு வருஷம் எழுதின குறிப்பு எதுவும் அக்கா பையனோட பள்ளிக்கு வந்து சேரல. டீச்சர் முதல்ல இருந்து கேட்டாங்க: "எப்பத்துல இருந்து பேச்சு வரல? கர்ப்பத்துல ஏதாவது பிரச்சினையா?" இந்தக் கதையை ஒரு அம்மா எத்தனை தடவை சொல்லுவா?

பள்ளிக்குள்ளயே இன்னொரு சின்னக் கைமாற்றமும் இருக்கு: பொதுத்தேர்வு. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு, இப்படிச் சலுகைகள் இருக்கு. ஆனா மருத்துவச் சான்றோட தலைமையாசிரியர் வழியா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். பத்தாம் வகுப்பு ஜனவரியில போய்க் கேட்டா லேட். எட்டாம் வகுப்புலயே கேட்க ஆரம்பிங்க. கற்றல் குறைபாடுன்னா 8 வயசுல இருந்தே சான்று வாங்கலாம், 14 வயசுல மறு மதிப்பீடு வரும்.

மூன்றாவது கைமாற்றம்: 18

இதைப் பத்தித்தான் யாருமே பேசறதில்ல. மேல சொன்னதுல பாதி 18 வயசோட நின்னுரும். ஆர்பிஎஸ்கே 18 வரை. இலவசக் கல்வி உரிமை 18 வரை. பிறந்தநாள் அன்னைக்குப் பையன் மாறல, சட்டத்துக்கு மட்டும் அவன் பெரிய ஆள் ஆகிட்டான். அதுக்கப்புறம் அவன் சார்புல கையெழுத்துப் போட அப்பா அம்மாவுக்கும் சட்டப்படி அதிகாரம் வேணும்.

அதுக்கு ஒரு வழி, 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவுக்கு விண்ணப்பிச்சா, சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பாங்க. இதே அறக்கட்டளையோட நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. ஏற்கெனவே இருக்கிற குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, தெரபி செலவும் இதுல வரும். இந்தக் காப்பீட்டுக்கு 18 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சின்னக் குழந்தைக்கே எடுக்கலாம். மேல படிக்கிற பிள்ளைகளுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல 5 சதவீத இட ஒதுக்கீடும் 2016 சட்டத்துல இருக்கு.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல யூடிஐடி அட்டை. "சர்டிஃபிகேட் வாங்கினா பையனுக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிரும்"னு நிறைய வீட்ல தள்ளிப் போடறாங்க. அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா அட்டையைப் பீரோவுல பூட்டி வைக்கிற உரிமையும் உங்களுக்கு இருக்கு. இல்லாத அட்டையைத் தேவைப்படற அன்னைக்கு உருவாக்க முடியாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கிடைக்கிற பராமரிப்பு உதவித்தொகை, தகுதி உள்ளவங்களுக்கு மாதம் 2,000 ரூபாய். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துல குழந்தைக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் இலவசம். தெரபிக்குப் போய்ட்டு வர்ற வீட்டுக்கு இது சின்னக் காசு இல்லை.

ரெண்டாவது, ஒரு பக்கக் குறிப்பு. குழந்தையோட பேர், பிறந்த தேதி, எப்ப என்ன கண்டுபிடிச்சாங்க, என்ன தெரபி, எது பிடிக்கும், எதுக்குப் பயப்படுவான், கோபம் வந்தா என்ன செய்யணும். தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. எங்க அக்காவுக்கு நான் செஞ்சு கொடுத்ததுலயே அதிகமா உதவினது இந்த ஒரு பேப்பர்தான். டீச்சர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அதை நீட்டினா போதும்.

மூணாவது, எந்த கவுன்ட்டர்ல வேலை முடிஞ்சாலும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: "சார், இதுக்கப்புறம் நான் யாரைப் பார்க்கணும்?" பேரையும் இடத்தையும் அங்கேயே எழுதிக்குங்க.

அரசாங்கத்துக்கிட்ட கேட்க வேண்டியதும் இதேதான். உலக வங்கி உதவியோட நடக்கிற தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துல, "விழுதுகள்"ங்கிற பேர்ல ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருது. பல சேவைகளை ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வர்ற சரியான திசை அது. ஆனா ஒரு கட்டடத்துக்குள்ளயும் அஞ்சு கவுன்ட்டர் இருக்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் "இந்தக் குடும்பம் என் பொறுப்பு"ன்னு சொல்ற ஒரு ஆள் இருக்காரா? 5 வயசுல, 14 வயசுல, 18 வயசுல அவரே முன்வந்து போன் பண்ணுவாரா? அந்த ஆள் இல்லாத இடத்துல அந்த வேலையை அம்மாதான் சம்பளம் இல்லாம செய்யறா. எங்க அக்கா அதுக்காக வேலையையே விட்டா.

கடைசியா, குழந்தை இல்லாத, கல்யாணம் ஆகாத, லேப்டாப்பும் கையுமா இருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு. உங்க சொந்தத்துலயோ அப்பார்ட்மென்ட்லயோ இப்படி ஒரு குடும்பம் நிச்சயம் இருக்கும். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லாதீங்க, அவங்க சொல்ல மாட்டாங்க. "சனிக்கிழமை காலையில நான் ஃப்ரீ, உங்க பேப்பரை எல்லாம் ஸ்கேன் பண்ணி அந்த ஃபாரத்தை அப்லோட் பண்ணிரலாமா?"ன்னு கேளுங்க. நமக்கு அரை நாள்தான் போகும். அந்த வீட்ல ஒரு வருஷம் மிச்சமாகலாம்.

உங்க ஒன்றியத்துல வட்டார வள மையம் எப்படி வேலை செய்யுது, நல்லதோ கெட்டதோ, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.