கையெழுத்துக்கு அடுத்த படி

(கற்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு விட்டீர்கள். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படிக்கிறீர்கள். கூலிக் கணக்கை நீங்களே பார்க்கிறீர்கள். கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். இது பெரிய காரியம்.

இன்று அதற்கு அடுத்த படியைப் பற்றிப் பேசப் போகிறேன். கதை எழுதுவது, நம் வாழ்க்கையை நாமே எழுதுவது பற்றிப் பேசப் போகிறேன்.

“அதெல்லாம் நமக்கு எதற்கு? பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிற வேலை” என்று நீங்கள் நினைக்கலாம். அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். அதனால் என்ன நடக்கிறது? நம்மைப் பற்றியும் மற்றவர்களே எழுதுகிறார்கள். நாற்று நடாதவர் நாற்று நடும் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். மூட்டை தூக்காதவர் மூட்டை தூக்குகிறவரைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் நல்ல மனதோடு எழுதலாம். ஆனாலும் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

தங்கள் கதையைத் தாங்களே எழுதிய இருவரைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் வங்காள மொழி பேசுகிறவர்கள். இருவரும் உழைத்துச் சாப்பிட்டவர்கள். இருவரும் பெரியவர்களான பிறகுதான் பேனா பிடித்தார்கள்.

மண்ணில் எழுதிய கை

முதலாமவர் பெயர் மனோரஞ்சன் பியாபாரி. 1950-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அந்த இடம் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. 1947-இல் நாடு பிரிந்தது. அதன் பிறகு பல ஆயிரம் குடும்பங்கள் அங்கிருந்து அகதிகளாக இந்தியாவுக்கு வந்தன. அவருடைய குடும்பமும் வந்தது. அவர்கள் நாமசூத்திரர் என்ற தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள்.

அகதி முகாமில் வாழ்க்கை தொடங்கியது. பசிதான் கூடவே இருந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை. ஆடு மாடு மேய்த்தார். டீக்கடையில் வேலை பார்த்தார். ஊர் ஊராக அலைந்து கூலி வேலை செய்தார். 1970-களில் வங்காளத்தில் கலவரமான காலம். அப்போது அவர் சிறைக்குப் போனார். வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

சிறையில் வேறொரு கைதி அவருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார். சிலேட்டு இல்லை. பலப்பம் இல்லை. மண் தரையில் குச்சியால் எழுதிப் பழகினார். எழுதுவார், அழிப்பார். மறுபடி எழுதுவார். நீங்கள் முதல் எழுத்தை எழுதிப் பழகியபோது கை எப்படி நடுங்கியது? அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

விடுதலையான பிறகு கல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம் ரிக்‌ஷா ஓட்டினார். சவாரி இல்லாத நேரத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து புத்தகம் படித்தார். கிடைத்ததை எல்லாம் படித்தார். ஒரு புத்தகத்தில் ‘ஜிஜீவிஷா’ என்று ஒரு சொல் வந்தது. அர்த்தம் தெரியவில்லை.

ஒரு நாள் ஓர் அம்மா அவருடைய ரிக்‌ஷாவில் ஏறினார். பார்ப்பதற்கு ஆசிரியை போல இருந்தார். அவரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். உயிர் வாழ வேண்டும் என்ற ஆசை என்று அந்த அம்மா விளக்கினார். ரிக்‌ஷா ஓட்டுகிறவருக்கு இந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். கதையைக் கேட்டார். தான் நடத்தும் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். முகவரியும் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவர் யார் என்று மனோரஞ்சனுக்குத் தெரிந்தது. அவர்தான் புகழ்பெற்ற எழுத்தாளர் மகாசுவேதா தேவி. அவர் எழுதிய புத்தகம் ஒன்றை மனோரஞ்சன் அப்போதுதான் படித்திருந்தார்.

அந்தப் பத்திரிகையின் பெயர் ‘பர்த்திகா’. விவசாயிகள், கூலிக்காரர்கள், பழங்குடி மக்கள் அதில் எழுதினார்கள். 1981-இல் மனோரஞ்சனின் எழுத்து அதில் வந்தது. எதைப் பற்றி எழுதினார்? ராஜாவைப் பற்றியா? வானத்தைப் பற்றியா? இல்லை. ரிக்‌ஷா ஓட்டும் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். தினமும் மிதித்த பாதையைப் பற்றி எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தெரியாத சொல்லைக் கேட்க அவர் கூச்சப்படவில்லை. அந்த ஒரு கேள்விதான் கதவைத் திறந்தது.

அதற்காக அவருடைய வாழ்க்கை மறுநாளே மாறிவிடவில்லை. எழுத்து உடனே சோறு போடவில்லை. பின்னர் பல ஆண்டுகள் கல்கத்தாவில் ஒரு பள்ளியில் சமையல்காரராக வேலை பார்த்தார். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. பகலில் அடுப்பு, மற்ற நேரத்தில் பேனா. தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். சிறையைப் பற்றி நாவல் எழுதினார். வாழ்க்கை வரலாறு 2018-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதற்கு ‘தி இந்து’ பரிசு கிடைத்தது. 2021-இல் அவர் மேற்கு வங்காளச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

புத்தகம் துடைத்த கை

இரண்டாமவர் பேபி ஹால்தார் என்ற பெண். 1973-இல் பிறந்தார். சிறுவயதிலேயே தாய் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பேபி சில வகுப்புகள்தான் படித்தார். 12 வயதில் கல்யாணம். கணவருக்கு அவரைவிட வயது மிக அதிகம். சிறு பெண்ணாக இருக்கும்போதே பிள்ளை பெற்றார். அடி உதை தாங்க முடியவில்லை. 1999-இல் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். டெல்லிப் பக்கம் வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

டெல்லிக்கு அருகே குர்கான் நகரில் பிரபோத் குமார் என்பவர் வீட்டில் வேலை கிடைத்தது. அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பிரேம்சந்த் என்ற பெரிய இந்தி எழுத்தாளரின் பேரன். அந்த வீட்டில் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. தூசி துடைக்கும்போது வங்காளப் புத்தகங்களின் அருகில் பேபியின் கை நின்றுவிடும். பேராசிரியர் அதைக் கவனித்தார். வேலையைப் பார் என்று அதட்டவில்லை. எடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தார். உன் வாழ்க்கையை எழுது என்றார்.

பேபி பேனாவைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எழுத்துக் கூட்டுவதே மறந்து போயிருந்தது. ஆனால் எழுதத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. வேலைக்கு நடுவே எழுதினார். பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரியில் எழுதினார். பேராசிரியர் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். தன் நண்பர்களிடம் காட்டினார். தாமே இந்தியில் மொழிபெயர்த்தார். 2002-இல் அது இந்தியில் புத்தகமாக வந்தது. பெயர் ‘ஆலோ ஆந்தாரி’. வெளிச்சமும் இருளும் என்று அர்த்தம். 2006-இல் ஆங்கிலத்திலும் வந்தது. பிறகு 11-ஆம் வகுப்பு இந்திப் பாடநூலில் அதன் ஒரு பகுதி பாடமாக இடம்பெற்றது. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்ணின் எழுத்தைப் பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள்!

அந்தப் புத்தகத்தில் ஒரு விசேஷம் உண்டு. ‘நான்’ என்று எழுதிக்கொண்டே வருகிறார். சில இடங்களில் ‘நான்’ போய்விடுகிறது. ‘பேபி’ என்று வேறு ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதுகிறார். அங்கே எழுதுகிற பேபி தள்ளி நின்று பார்க்கிறார். அடி வாங்கிய பேபி எதிரே நிற்கிறார். துன்பத்துக்குள்ளே இருக்கும்போது அழ மட்டும்தான் முடியும். தள்ளி நின்று பார்க்கும்போது கேள்வி கேட்க முடியும். “இந்தச் சின்னப் பெண்ணுக்கு ஏன் இப்படி நடந்தது?” என்று கேட்க முடியும். அந்த இடத்தில்தான் எழுதக் கற்றவர் எழுத்தாளர் ஆகிறார்.

யார் எழுத்தாளர்?

இவர்களை உலகம் எப்படி அழைத்தது? ‘எழுதும் ரிக்‌ஷாக்காரர்’, ‘எழுதும் வேலைக்காரி’ என்று அழைத்தது. ஒரு டாக்டர் கதை எழுதினால் அவரை எழுத்தாளர் என்கிறோம். உழைப்பாளி எழுதினால் மட்டும் அதிசயம் என்கிறோம். இது சரியா? யோசித்துப் பாருங்கள். எழுத்தாளர் என்ற பெயரை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். பரிசும் பட்டமும் பிறகு வரலாம், வராமலும் போகலாம். தினமும் எழுதுகிறவர்தான் எழுத்தாளர்.

நீங்கள் எப்படித் தொடங்கலாம்? நாலு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, பார்த்ததை எழுதுங்கள். ‘வறுமையில் வாடினோம்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். அதைப் படித்தால் ஒன்றும் தோன்றாது. ‘அம்மா எங்களுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, தனக்குப் பசியில்லை என்றாள். பானையைச் சுரண்டும் சத்தம் ராத்திரியில் கேட்டது’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் கண் கலங்கும்.

இரண்டாவது, பேசுகிற தமிழில் எழுதுங்கள். உங்கள் பாட்டி சொன்ன பழமொழி, வயலில் வழங்கும் சொல், சந்தையில் பேசும் பேச்சு, எல்லாம் எழுத்துக்கு உரியவை. ‘ர’ வருமா, ‘ற’ வருமா என்று பயந்து பேனாவைக் கீழே வைக்காதீர்கள். பிழையைப் பிறகு திருத்தலாம். எழுதாததைத் திருத்த முடியாது.

மூன்றாவது, மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள். மனோரஞ்சனும் பேபியும் முதலில் வாசகர்கள். பிறகுதான் எழுத்தாளர்கள்.

நாலாவது, எழுதியதை ஒருவருக்காவது படித்துக் காட்டுங்கள். மகாசுவேதா தேவி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா போதும். உங்கள் பிள்ளை போதும். இந்த மையத்தில் உங்களோடு படிப்பவர்கள் போதும். எங்கே புரியவில்லை என்று கேளுங்கள். அந்த இடத்தை மறுபடி எழுதுங்கள்.

நண்பர்களே, நமக்குத் தெரிந்த எத்தனையோ விஷயங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊரில் கிணறு வெட்டியது யார், பஞ்சத்தில் எதைத் தின்று பிழைத்தோம், கூலி உயர்வு கேட்டபோது என்ன நடந்தது, எந்த வழியில் நடக்க நம் தாத்தாவுக்கு அனுமதி இல்லை? இதெல்லாம் நம் நெஞ்சில்தான் இருக்கிறது. நாம் எழுதாமல் போனால் நம்மோடு போய்விடும். நாளை நம் பேரப் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இன்று ராத்திரி ஐந்து வரி எழுதுங்கள். நாளைக்கு ஐந்து வரி. அடுத்த வாரம் இங்கே வரும்போது அதை எடுத்து வாருங்கள். நீங்கள் படியுங்கள், நாங்கள் கேட்கிறோம்.